தலையை அழுத்திய கை

எங்கள் ஊர்ப் பக்கத்து நிக்காஹில் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஓர் அத்தை உட்காருவாள். பெண்ணின் மாமு இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, "இன்னாருக்கு, இந்த மஹர்ப் பணத்துக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார். பெண் வாய் திறக்க மாட்டாள். வெட்கமாம்! பின்னாலிருக்கும் கை அவள் தலையை மெல்ல அழுத்தும், முக்காடு அசையும். "சம்மதம்" என்று சொல்லிக்கொண்டே ஆண்கள் பந்தலுக்குத் திரும்பிவிடுவார்கள். மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்த வாயை எங்கள் ஊர் அந்தக் கைக்குக் கொடுத்துவிட்டிருந்தது.

என் முறை வந்தபோது புத்தூர் முழுக்க எல்லைப் பேச்சு. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்தக் கிராமம் இங்கே, எது மெட்ராஸ் பக்கம் என்று டீக்கடையிலும் சண்டை, பள்ளிவாசல் வாசலிலும் சண்டை. என் கல்யாணப் பந்தலை மட்டும் விடுவார்களா? அங்கேயும் மாமுவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"ஊரு ஜனத்தை ஒரு வார்த்தை கேக்காம கோடு கிழிச்சிட்டா ஆச்சா?"

பெண்கள் பக்கத்தை மறைத்த திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திருப்பதியில் டீச்சர் டிரெயினிங்குக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதற்கு என்று சித்தூர் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல, என்னைப் பெற்ற அத்தாவும் சரியென்றுவிட்டார். அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். மிச்சமிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

மாமு வந்தார், கேட்டார். அத்தையின் கை என் தலைமேல் இறங்கியது. நான் கழுத்தை விறைத்துக்கொண்டேன். அவள் அழுத்தினாள், நான் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். மல்லிகைச் சரம்தான் அறுந்து விழுந்தது.

"இன்னாடி பண்ற?" என்று காதில் சீறினாள்.

"மாமு, ஊரைக் கேக்கணும்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, என்னையும் நெஜமாத்தானே கேக்கறீங்க?"

மாமு திகைத்துப்போனார். சாட்சிகளில் ஒருவர் இருமினார். பயத்தோடேயே சொல்லிவிட்டேன்: "டிரெயினிங் முடிக்க உடுவோம்னு அவுங்க ஒத்துக்கினாதான் சம்மதம். இல்லாட்டி இல்ல."

பந்தலில் ஒரே இரைச்சல். மாப்பிள்ளையின் அத்தா எழுந்து, "வண்டியைக் கட்டுங்க" என்று கத்தினார். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நிக்காஹை நடத்த வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் மட்டும் அசையாமல், "பொண்ணு ஒத்துக்காம நான் நிக்காஹ் ஓத மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான், நான் அதுவரை கேட்டிராத ஓர் இளங்குரல் வந்தது.

"படிக்கட்டும். எனக்குச் சம்மதம்."

மாமு திரும்ப ஓடி வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அத்தை பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினாள். நான் முக்காட்டோடு நிமிர்ந்து, பந்தலுக்கே கேட்கும்படி, "சம்மதம்!" என்றேன். வெளியே யாரோ சிரித்தார்கள். அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் நெஞ்சுக்குள் துள்ளுகிறது.

திருப்பதியில் படித்து முடித்தேன், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தினேன். என் மகளின் நிக்காஹ் அன்று, கிழவியாகிவிட்ட அதே அத்தை ஆசையாக அவள் பின்னால் உட்கார வந்தாள். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் எதிரே உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் மகளின் முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது.