சண்டை போட்டுப் படித்தவள்

கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்த வளவனின் காதில் விழும்படி, "ஜனாதிபதி ஆவணும்னா முப்பது வயசு ஆனா போதும்" என்று சொல்லிவிட்டு, அன்புக்கரசி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு."

"யாருங்க சொன்னா?"

"ஸ்கூலுல சொல்லிக் குடுத்துருக்காங்க."

"உங்க வாத்தியாரு தப்பா சொல்லியிருப்பாரு."

பாதி முகத்தில் நுரையோடு அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. செல்போனில் தேடிக் காட்டிய பிறகு அவள் சாந்தமாகத் தோற்றாள். இனி அந்த முப்பத்தைந்து அவள் தலையை விட்டு இறங்காது.

குரூப் நாலு தேர்வை ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தேறாதவள் அவள். புத்தகத்தோடு உட்கார்ந்தால் தூக்கம் வரும். "படிச்சது மறந்துபுடுது, திட்டு வாங்குனது மறக்க மாட்டேங்குது" என்பது அவள் கண்டுபிடிப்பு. சரியான விடையைத் தெரிந்துகொண்டு, தப்பான விடையோடு சண்டைக்குப் போவாள். அரசியலமைப்புக்குக் கணவன் வளவன்; ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் கண்டக்டர் என்பதால் வாக்குவாதம் தொழிலோடு வந்தது. புவியியலுக்குத் தெருவில் காய் விற்கும் ஆண்டாள்.

அறிவியலுக்குத்தான் ஆள் சரியில்லை. விருத்தாசலத்தில் அவள் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைப்பது வேலை. பக்கத்தில் உட்காருகிற நீலாவதிக்குக் கோபமே வராது.

"இரும்பு துருப்புடிச்சா எடை கொறையும், இல்ல?"

"ஆமாக்கா, கொறையும்."

"கூடுண்டி."

"சரிக்கா, கூடும்."

இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எதைப் படிப்பது?

குட்டு உடைந்தது ஆண்டாளால். ஒருநாள் வளவனின் பஸ்ஸில் ஏறியவள் டிக்கெட் வாங்கும்போதே முறையிட்டாள்: "உங்க வூட்டுக்காரம்மா காவிரிய கேரளாவுல பொறக்க வுட்டுட்டாங்க. குடகுலன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு." போன வாரம்தான் அதே காவிரியைக் குடகிலிருந்து பூம்புகார் வரை அன்புக்கரசி அவனிடம் பிசகில்லாமல் ஒப்பித்திருந்தாள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் என்னா உனக்குப் பொஸ்தகமா?" என்று அன்று கேட்டதோடு சரி. அதன்பிறகு ஜனாதிபதியை அவள் பத்து வயதிலேயே பதவியில் உட்கார வைத்தாலும் "ம்" என்றான். வீடு அமைதியானது, படிப்பு படுத்துவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. சண்டைக்கு மட்டும்தான் பழகிய வாய் அது.

தேர்வு நாள் காலையில் வண்டியில் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல், "ராஜ்யசபா உறுப்பினருக்கு இருவத்தஞ்சு வயசு ஆனா போதும்" என்றான்.

அவள் நின்றாள். "முப்பது."

"யாரு சொன்னா?"

வாசலில் சோதனைக்கு நின்ற போலீஸ்காரம்மா குறுக்கே வந்து விலக்கிவிடும்வரை இருவரும் விடவில்லை. உள்ளே போகும்போது அன்புக்கரசிக்குக் கண் கலங்கியிருந்தது.

தேர்வறையில் முதல் சுற்றில் தெரிந்த விடைகளின் வட்டங்களையெல்லாம் கருப்பாக்கினாள். இரண்டாவது சுற்றில்தான் உதடு அசைய ஆரம்பித்தது. கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"பேசக்கூடாதும்மா. தாள வாங்கிடுவேன்."

"பேசல சார், சண்ட போடுறேன்."

அவர் முறைத்த முறைப்பில் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு மிச்ச சண்டையை மனசுக்குள்ளேயே போட்டாள். துருப்பிடித்த இரும்பைக் கேட்டிருந்தார்கள். எடை கூடுமா, குறையுமா? நினைவில் நீலாவதி இரண்டுக்கும் தலையாட்டினாள். 'எதக் கேட்டாலும் தலைய ஆட்டுவியாடி?' என்று பல்லைக் கடித்ததும், அன்று பட்ட எரிச்சலோடு தான் சொன்ன "கூடுண்டி"யும் சேர்ந்தே வந்தது. வட்டத்தைக் கருப்பாக்கினாள்.

மாதங்கள் கழித்து முடிவு வந்தபோது, கையில் காய்ந்த களிமண்ணோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். வளவனின் பஸ் கிளம்பும் நேரம். செல்போனைக் கண்முன் நீட்டினாள். அவள் வாங்கிய தரவரிசைக்கு இளநிலை உதவியாளர் வேலை நிச்சயம். வளவன் திரும்பத் திரும்பப் படித்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்போதும் அவன் நகரவில்லை.

அன்புக்கரசி அவன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். பஸ் புறப்பட்டது. வளவன் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.