கோட்டை வாசலில் புட்டு

ஜெர்மனியில் பழைய கோட்டை ஒன்று பார்த்துவிட்டு வந்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். டொரோண்டோ மல்வேர்னில் என் வீட்டுக்கு வருகிறவர்களைப் பிடித்து இருத்தி வைத்துக் கைப்பேசியில் படம் காட்டுகிறேன். மதில், கொடி, மதிலுக்கு முன்னால் நான், எனக்கு முன்னால் என் வயிறு. எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். மகள் மட்டும் கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அப்பா, இன்சைட் படம் ஒண்டும் இல்லையே?”

அந்தக் கோட்டையை எனக்கு வாலிப வயதிலிருந்தே தெரியும். கனடாவுக்கு வருவதற்கு முன்பு அங்கே ஓர் அகதி முகாமில் இருந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் மலையில் கோட்டை. ஆனால் அது அடுத்த மாவட்டம். எங்களுக்குத் தந்த அகதிக் கடுதாசி மாவட்ட எல்லையைத் தாண்ட விடாது. நானும் என் அறைத் தோழனும் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டே கோட்டையைப் பங்கு பிரித்தோம். வலது கோபுரம் அவனுக்கு, இடது கோபுரம் எனக்கு. என் கறியை வாயில் வைத்த அன்று அவன் தீர்ப்பை மாற்றினான்.

“உனக்குக் கோபுரம் இல்லையடா. குதிரை லாயம்தான். அதுகும் குதிரையள் ஓமெண்டால்.”

நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது, “திரும்பி வா மச்சான், ரெண்டுபேருமாத்தான் உள்ளுக்குப் போறது. அதுவரைக்கும் நான் போகமாட்டன்” என்றான். பிரிகிற நேரத்துப் பேச்சு என்று நினைத்தேன். அவன் அங்கேயே தங்கினான், கல்யாணம் கட்டினான். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த சொந்தக்காரர் எல்லோரையும் கோட்டைக்குக் கூட்டிப்போனான். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, தான் மட்டும் வாசலில் இருந்த மர வாங்கில் குந்தியிருந்தான். நானோ ஒவ்வொரு வருடமும் ‘அடுத்த வருசம்’ என்றேன். வேறு காரணம் கிடைக்காத வருடம் முதுகு பிடித்துக்கொண்டது.

போன வசந்தத்தில்தான் போனேன். டொரோண்டோவில் பனி அள்ளும் சவலை உள்ளே வைக்கலாமா என்று யோசிக்கிற காலம், அங்கே செர்ரி மரங்கள் பூத்து முடித்திருந்தன. விமான நிலையத்தில் தலை நிறைய முடியோடு ஒருவனை நான் தேடினேன். அவன் ஒல்லியான ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றே தேடினோம்.

கோட்டைக்குப் போவதற்குக் கடைசி நாளைத்தான் ஒதுக்கினான். வழியெல்லாம் மஞ்சள் பூ வயல்கள். பின் சீட்டில் அவன் மனைவி, மடியில் சாப்பாட்டுப் பை.

“ஒரு யோசனை மச்சான்,” என்றான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. “இதையும் பாத்து முடிச்சா, பிறகு நீ என்னத்துக்கு இஞ்ச வரப்போறாய்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவன் மனைவி சிரிக்கவில்லை. நான் ஜன்னலை இறக்கி மஞ்சள் வயலைப் படம் பிடித்தேன்.

எங்கள் ஆட்கள் எந்த உலக அதிசயத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது பாய் விரிக்க இடம். மதிலடிப் புல்லில் பாய் விரிந்தது. புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், மட்டன் ரோல்ஸ்.

“முதல்ல உள்ளுக்குப் போய் வருவமே?” என்றேன்.

“ஆறிப்போகும் அண்ணை, சாப்பிடுங்கோ. உள்ளுக்கை என்ன, ராசா இருந்து சோறு போடப்போறாரோ?” என்றாள் அவன் மனைவி.

அதற்கு மேல் வாதாடுகிற ஆள் நானில்லை. சாப்பிட்டேன். எழும்ப நினைத்தபோது நண்பன் இன்னொரு அகப்பை புட்டு வைத்தான். மறுபடியும் நினைத்தேன், மறுபடியும் வைத்தான். முகாம் கதை வந்தது, தேநீர் வந்தது, வெயில் இதமாக முதுகில் ஏறியது. நாங்கள் வாசலுக்குப் போனபோது ஒரு பெண் கதவைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடு நின்றாள். கடைசிக் கூட்டம் உள்ளே போய்விட்டதாம். நாளைக்குத் திங்கட்கிழமை, பூட்டாம். நாளைக்கு எனக்கு விமானம். கையில் பாதி ரோல்ஸோடு நான் அந்தப் பெரிய கதவைப் பார்த்தேன்.

“சே, என்ன செய்யிறது மச்சான்” என்றான் நண்பன். சொல்லிவிட்டுப் பாத்திரங்களை அடுக்கினான், மெல்ல விசிலடித்துக்கொண்டே.

அட்லாண்டிக்குக்கு மேலே பறக்கும்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. அத்தனை வருடம் அந்த வாங்கில் இருந்தவனுக்கு வாசல் பூட்டுகிற நேரம் தெரியாதா?

வந்திறங்கியதும் போன் எடுத்துக் கேட்டேன்.

“திண்டது நீ, பழி எனக்கோ?” என்றான். பிறகு, “வாற வசந்தத்துக்கு வருவாய்தானே?” என்றான்.

“ஓம், அடுத்த வருசம்” என்றேன். இந்த முறை அந்தச் சொல் எனக்கு உண்மையாகவே வந்தது.

கதையைக் கேட்ட மகள், “நெக்ஸ்ட் டைம் உள்ள போய் வந்து சாப்பிடுங்கோ அப்பா” என்று புத்தி சொன்னாள்.

பார்ப்போம். கத்தரிக்காய்ப் பால்கறி அதே ருசியில் இருந்தால் என்னால் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது.