மாமோ என்று கூப்பிட்ட வேன்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: முதலாளி, எலக்ட்ரீஷியன் ரபீக் பாய், வண்டி கழுவும் பேச்சியக்கா, நான். ஆள் நான்கு, விற்பனைக்கு நின்ற வேன் எட்டு என்று நோட்டில் எழுதினேன். ஒன்பதாவது வேனை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் கேட்டது. நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று போட்டேன்.

பழைய வேன் விற்றவர்களுக்கும், வாங்கி அவதிப்பட்டவர்களுக்கும் இது தெரியும்: எவ்வளவு கழுவினாலும் முந்தின ஆளின் ஏதாவது ஒன்று வண்டிக்குள் தங்கிவிடும். கொலுசுத் திருகு, மருந்துச் சீட்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் எடுத்திருக்கிறேன். இந்த வேனில் தங்கியிருந்தது ஒரு வழி.

குரல்

ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியவர் கூடவே கொண்டுவந்த வண்டி அது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஒரு திரை. அதில் தெருக்கள், நடுவே நம் வண்டியாக ஒரு அம்புக்குறி, மூலையில் ஒரு வீட்டுப் படம், அதன் அருகே 61 கி.மீ. குரல் ஒவ்வொரு முறையும் “மாமோனாகு” என்று தொடங்கும். மதுரைக் காதில் அது எப்படி விழும்? பேச்சியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மாமோங்குது” என்றது. அன்றிலிருந்து அந்த வேனுக்கு அதுதான் பெயர்.

கப்பலூர் ரோட்டில் போனால் திரையில் வேறு ஏதோ ஊர் ஓடியது. ரபீக் பாய் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். “ஆன்டெனா போயிருச்சுண்ணே. சக்கரம் எம்புட்டு சுத்துது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அத வச்சு இன்னும் அந்த ஊர்லயே வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கதா நெனைக்குது, பாவம்.”

எந்தப் பாஷை

வண்டியை ஓட்டிக் காட்டுவது என் வேலை. முதலில் வந்தவர் சாயப்பட்டறை வைத்திருந்த சௌராஷ்டிரக்காரர், மனைவியோடு. பின்சீட்டில் இருவரும் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டே வந்தார்கள். குரல் “மாமோ” என்றதும் பேச்சு நின்றது. அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையில் எனக்கே வியர்த்தது. பெண்கள் முன் எனக்கு வாய் வராது. திரையைக் கையால் காட்டினேன்.

இறங்கும்போது வீட்டுப் படத்தின் அருகே எண் 54. அவர்களுக்கு வண்டி பிடிக்கவில்லை. முதலாளி விடாமல், “உங்க வீட்டுப் பாஷை மாதிரியே இருக்குல்லம்மா?” என்று இழுத்துப் பார்த்தார். அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “எங்க வீட்ல இம்புட்டு பொறுமையா வழி சொல்ல ஆளே கெடையாதே.”

நீலம்

அந்தக் குரல் சொல்லும் மிகி என்றால் வலது என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன். பதினேழு தடவை சொன்னாள். பதினேழு தடவையும் திரையின் கோடு வலப்பக்கம் வளைந்தது. அதன்பின் முடிந்த இடத்தில் அவள் சொன்னபடி திரும்பினேன். எண் குறைந்தது. தினமும் குறித்தேன்.

மேலூர் கல் வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு மேலூர் ரோட்டில் நேராகப் போனபோது திரையில் தெரு முடிந்தது. அப்புறம் முழுக்க நீலம். வெளியே இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த வயல். உள்ளே எங்கள் அம்பு மட்டும் கடலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் குரலும் வரவில்லை. எனக்கு வண்டி ஓட்டுவதே மறந்து, யாரோ மிதக்க விட்டது போல இருந்தது. திரையைப் பார்த்த வியாபாரி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். “அண்ணே, கரையப் பாத்து விடுங்க. எனக்கு நீச்சல் தெரியாது.”

ஆனி கடைசி

ஆடியில் வண்டி வாங்க ஆள் வராது. அதற்குள் விற்காவிட்டால் அந்தத் திரை செட்டைக் கழற்றிவிட்டுப் பாட்டு டேப் மாட்டுவதாக முதலாளி முடிவு செய்துவிட்டார். ஆனி கடைசி நாள் ரபீக் பாய் திருப்புளியோடு வந்தார். எண் 11.

நான் எதையும் கேட்டுப் பழகாதவன். அன்று கேட்டேன். “இன்னும் பதினொண்ணுதான் இருக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேனே.”

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. “அது போயிச் சேர்றதுக்கு இங்க வீடு எங்கண்ணே இருக்கு?”

தவசி

திருப்புளி முதல் ஸ்குரூவைத் தொட்டபோது சமயநல்லூர் விவசாயி தவசி வந்தார். அறுப்புக்கு ஆள் ஏற்றிப் போக வண்டி வேண்டும். ஐம்பது வயதிருக்கும். கூட வந்த சிநேகிதர் குரலைக் கேட்டதும், “என்ன மாப்ள, ஏறி ஒக்காரல, அதுக்குள்ள மொறை சொல்லிக் கூப்புடுறா!” என்று விலாவில் இடித்தார். தவசி சிரிக்கவில்லை. “அந்த செட்டு அப்படியே இருக்கட்டும். கூடப் பொறந்தது ஒண்ணுமில்லாதவன் நானு. என்னைய மாமான்னு கூப்புட எவ இருக்கா?” என்றார்.

வண்டியை அவர் வீட்டில் விட நானே ஓட்டினேன். அவர் என் பக்கத்தில். எண் 9, 8, 6 என்று இறங்கியது. ஒரு மிகிக்கு வலப்பக்கம் கண்மாய்; விட்டுவிட்டேன். இன்னொரு மிகிக்குப் பாதை இருந்தது. திரும்பிச் சுற்றி வந்தேன். ஏன் சுற்றுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. சமயநல்லூர் தாண்டி ஒரு பிரிவில் எண் 3. அவள் “மாமோனாகு, மிகி” என்றாள். வலது பக்கம் வயலுக்குள் ஒரு மண்பாதை. தவசி வீடு இடது பக்கம்; வாசலில் ஆரத்தித் தட்டோடு அவர் மனைவி நின்றிருந்தார். பிரேக்கில் கால் வைத்தபடி நின்றேன். வலது பக்கம் போகட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. இடது பக்கம் திருப்பினேன்.

சாவியைக் கொடுத்தேன். தவசி திரையையே பார்த்தபடி சொன்னார்: “நானும் அந்த நம்பரத்தாண்ணே பாத்துக்கிட்டு வந்தேன். நீங்க எறங்குங்க, மிச்சத்துக்கு அவள நான் கூட்டிட்டுப் போறேன்.”

நான் ஓட்டிக் காட்டி விற்ற வேன்கள் மொத்தம் இருநூற்றுப் பதினாறு, எல்லாவற்றுக்கும் கணக்கு நேராகிவிட்டது, இந்த ஒன்றில் மட்டும் மீதி மூன்று கிலோமீட்டர்.