தேன்மெழுகு டப்பா

என் தகரப்பெட்டியின் மூலையில் ஒரு பழைய பவுடர் டப்பா கிடக்கிறது. மூடியைத் திறந்தால் இன்றும் தேன்மெழுகு வாசனை வரும். மார்த்தாண்டத்தில் நான் கார் ஓட்டிய டாக்டரம்மா தந்தது. ஐந்தாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடி, கொழும்பில் மூட்டை சுமந்து, லாரியில் கிளீனராக இருந்து வண்டி ஓட்டப் பழகி, கடைசியில் மலேரியாவோடு அவர் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன். காய்ச்சல் விட்டதும் என்னைப் போகச் சொல்லவில்லை. கார் சாவியைக் கொடுத்தார். எங்கும் ஆறு மாதம் தங்காதவன் அங்கே இரண்டு வருஷம் இருந்தேன்.

நாடு விடுதலையாகி மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். நாற்பத்தோரு வயதில் டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், மனைவியை இழந்தவர். ஊர் சிரித்தது, டாக்டரம்மா அதற்குமேல் சிரித்தார். சர்ச்சுக்குத் தன் காரைத் தானே ஓட்டிப்போவதாகவும் சொல்லிவிட்டார். வெளிறிப்போன அந்தக் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றால் மானக்கேடு, நாங்கள் புதுக் கார் அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளையின் அக்கா ஆளனுப்பினார். "எனக்க கார் மினுங்கிட்டு வரும். மினுங்கலேன்னா உங்க கார்ல ஏறுதேன்" என்று பதில் போனது.

அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியவன் நான். எங்கள் பக்கத்தில் தலைமுடியோ மரப்பெட்டியோ, எது மங்கினாலும் தேங்காயெண்ணெய்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அரைப்படி எண்ணெயைக் கார் முழுக்கத் தேய்த்தேன். குளித்தெழுந்த எருமைபோல் மினுங்கியது. அந்தப் பெருமையோடு பேச்சிப்பாறைக்குப் போய் டாக்டரம்மாவின் சித்தியை ஏற்றிவந்தேன். வழியெல்லாம் செம்மண். வந்து நின்றபோது கறுப்புக் கார் செங்கல் நிறத்தில் இருந்தது. பதறித் துணியை எடுத்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காத, மண்ணு கீறிப்போடும். ஏன் மக்கா, காருக்கு எண்ண தேச்சியா?"

"ஆமாம்மா."

"பின்ன என்ன, குளிப்பாட்டு."

குடம் குடமாக ஊற்றி மண்ணை வழியவிட்டோம். கல்யாணப் பெண்ணுக்கென்று இடித்துச் சலித்த பயற்றமாவைக் கரைத்து எண்ணெயை எடுத்தோம். "ஏட்டி, அது உனக்கு வச்ச மாவுல்லா!" என்று சித்தி கத்தினார். "எனக்கு சோப்பு போதும் சித்தி." பிறகு டாக்டரம்மா, தேன் எடுப்பவர்களிடம் வாங்கிய மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, அடுப்பைவிட்டுத் தள்ளிவந்து டர்பன்டைன் சேர்த்தார். நிழலில் நிறுத்திய காரில், கையகல இடமாகப் பூசி, காய்ந்ததும் பழைய முண்டு வேட்டியால் தேய்த்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் நாளைய மணப்பெண். பொழுது சாய்ந்தபோது கதவில் தென்னைகள் தெரிந்தன.

மறுநாள் டாக்டரம்மா ஓட்டிப்போனார். எதற்கும் இருக்கட்டுமென்று அக்கா அனுப்பிய புதுக் காரைக் காலியாக விடுவானேன் என்று பின்னால் நான் அதில் போனேன். சர்ச் வாசலில் ஹெட்மாஸ்டர் கார்க் கதவைப் பார்த்துக் கழுத்து டையைச் சரிசெய்தார்.

"முகம் தெரியுதா சாரே?"

"தெரியுது. வயசும் தெரியுது."

"அதுக்கு மெழுகு கிடையாது. கதவைத் தொறங்க, நான் எறங்கணும்."

அக்காதான் முதலில் சிரித்தார்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எனக்குக் கால் நிற்கவில்லை. புறப்பட்டபோது அந்த மெழுகை நிறைத்து இந்த டப்பாவைத் தந்தார். எனக்குச் சொந்தக் கார் வாய்க்கவில்லை. வருஷத்துக்கொருமுறை டப்பாவை வெயிலில் வைத்து, இளகிய மெழுகை ஒரு விரல் தொட்டு இந்தத் தகரப்பெட்டியைத் தேய்ப்பேன். இன்று காலையும் தேய்த்தேன். முகம் தெரிந்தது. வயசும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.