கடையில் விட்டுவந்த கவுன்

எங்கள் காலனிப் பெண்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்த சார்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. "சாம்பிளைக் கடையிலயே வெச்சுட்டு வாங்க, நம்பிக்கைதான் மூலதனம்" என்றார்.

சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் எல்லோரும் சேமித்து, துணி வாங்கித் தைத்த முதல் குழந்தைக் கவுனைக் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் மொத்தக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன்.

"வெச்சுட்டுப் போ கண்ணு, பார்த்துச் சொல்றேன்" என்றார்.

மறுவாரம் அதே மாதிரிக் கவுன்கள் அவர் கடை வாசலில் கொத்தாகத் தொங்கின.

"ஏனுங்க, இது எங்க டிசைனுங்க!" என்றேன்.

"டிசைனுக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்கியா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

சாரிடம் போய்ச் சொன்னால், "பெரியவங்களைப் பகைச்சுக்காதம்மா" என்கிறார்.

இப்போதெல்லாம் சாம்பிளை என் மகளுக்குப் போட்டுவிட்டுத்தான் கடைக்குக் கூட்டிப் போகிறேன். வெச்சுட்டுப் போ என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.