வாயில் பறி இருக்கும்போது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் அண்ணி, ஒரு மனநல மருத்துவர். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு அண்ணிதான் பஸ் காசு போட்டு அழைத்துப் போயிருந்தாள்.

ஏரியில் நாங்கள் பெண்கள் வரிசையாக நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருப்போம். பக்கத்தில் இருப்பவள் முழுகிவிட்டாளோ என்று எனக்குத் திடீரென்று பயம் வரும். "இருக்கியா?" என்று வாயைத் திறப்பேன். பறி கவிழ்ந்து இறால் தண்ணீரில் போகும். கடைசியில் என்னை வரிசையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

மருத்துவர் தாளிலிருந்த கேள்விகளைப் படித்தார். "கூட ஆளுங்க இருக்கும்போது பேசாம ஒதுங்கி இருப்பீங்களா?"

"எப்பவும்" என்றேன்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வேலையில டாக்டரம்மா. வாயில பறி இருக்கசொல்ல எவ பேசுவா? இவ ஒருத்திதான் பேசுவா. அதுக்குத்தான் இட்டாந்தேன்."

மருத்துவரும் சிரித்தார். வேலைப் பேச்சை விட்டுவிட்டு, வீட்டில் எப்படி என்று முதலிலிருந்து கேட்டார். வீட்டில் நான் மட்டும்தான், பேச யாருமில்லை என்றேன்.

"வியாதியா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க. இவளச் சேத்துக்கலாமான்னு வரிசையில கேக்குறாளுங்க" என்றாள் அண்ணி.

"இருக்கு, இல்லன்னு ரெண்டா பிரிக்க முடியாதும்மா. கவலை, சந்தேகம், ஒதுங்குறது எல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு. எது எவ்வளவு, அதனால வாழ்க்கை எவ்வளவு கெடுதுன்னுதான் பாக்கறேன். இவங்களுக்குக் கவலை ரொம்ப அதிகம். ஒதுங்குற குணம் கம்மி. இன்னும் ரெண்டு மூணு தடவ பேசினாத்தான் முடிவா சொல்லலாம்."

எட்டாவதோடு நின்றவள் நான். உப்பு எல்லார் வீட்டுக் குழம்பிலும் உண்டு, என்னுடையதில் கை தவறி விழுந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அது ஆறுதல்தான். ஒதுங்கும் குணம் கம்மி என்றதுதான் உறுத்தியது. எனக்குத் தனிமை பிடிக்கும் என்று இத்தனை நாள் என்னையே சமாதானம் செய்துவந்தேன். அதுவும் போயிற்று.

பஸ்ஸில், "அவங்ககிட்ட இன்னான்னு சொல்லுவ அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"நீ வாய மூடிக்கினு வந்தன்னு சொல்றேன். எங்க, மூடு பாக்கலாம்."

அண்ணி சொல்லிப் பார்த்தாள். இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. கரையோரம் தனியாகத் துழாவுகிறேன். கூப்பிட ஆளில்லை, ஒரு இறால்கூடக் கொட்டுவதில்லை.

கடன் என்றாலே எனக்குத் தூக்கம் வராது. இருந்தும் அந்த பஸ் காசைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அதைக் கேட்கவாவது அண்ணி வாசலுக்கு வருகிறாள். "இன்னாடி, என் காசு?" என்று சற்று நேரம் நிற்கிறாள். ஐம்பது ரூபாய் பாக்கி.