தரைக்கு மூன்று சாண்

அணுஉலைக் கழிவைப் பாறைக்குள் புதைத்துவிட்டால் அது அங்கேயே கிடக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பள்ளிக் கடைசி வருடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கக்காவின் கதையைக் கேட்ட பிறகு கொஞ்சம் தெரிகிறது.

கணக்கக்கா என்பது, அந்தக் கழிவைப் புதைக்கத் தோண்டும் சுரங்கத்து ஆட்கள் வைத்த பெயர். நானூறு மீட்டர் ஆழத்தில் அவர்கள் வெடி வைத்துப் பாறையைக் குடைவார்கள். மேலே, ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில், அவள் அதே பாறையைக் கம்ப்யூட்டரில் குடைவாள். குடைந்தால் சுற்றியுள்ள பாறை விரிசல் விடும். விரிசல் தொடர்ந்து போனால் தண்ணீருக்கு வழி. தண்ணீருக்கு வழியிருந்தால் கழிவுக்கும் வழி. எவ்வளவு ஆழம் விரியும் என்று சொல்வதுதான் அவள் வேலை. மூன்று வருடம் மல்லுக்கட்டி அவள் கண்ட விடை: சுற்றிலும் ஒரு சாண்.

பாறையில் துளையிட்டு ஒலி அனுப்பிப் பார்த்தார்கள். விரிசல் இருந்தால் ஒலி தயங்கித் தயங்கிப் போகும். இரு சுவர்களும் கூரையும் ஒரு சாண் என்றன. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசியாகத் தரையை அளந்தார்கள். மூன்று சாண்!

இரண்டு நாளில் ஆய்வுக்குழு வருகிறது. பிரிவுத் தலைவர் டீயை ஆற்றியபடி சொன்னார்: "தரையில வச்ச கருவி கோளாறா இருக்கும்மா. அந்த அளவை விட்டுடுங்க. நாலுல மூணு பொருந்துதே, பாஸ்தானே?"

"கழிவை வைக்கிற குழியைத் தரையிலதானே சார் தோண்டப் போறோம்?"

தலைவர் டீயை இன்னும் கொஞ்சம் ஆற்றினார்.

வாயை மூடிக்கொண்டால் மூன்று வருட உழைப்பு பிழைக்கும். திறந்தால் கணக்கக்கா என்ற பெயரே கேலிப்பெயராகிவிடும். இருப்புக் கொள்ளாமல் லிஃப்ட் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினாள்.

சுரங்க முனையில், துளைகளுக்குள் வெடிமருந்துக் குச்சி செருகிக்கொண்டிருந்தவர் அவளுடைய அக்காள் கணவர்.

"வாங்க மேடம்! கம்ப்யூட்டர்ல வழி தவறிட்டியா?"

"கிண்டல் போதும் மாமா. அதென்ன, கீழ் வரிசைக்கு மட்டும் குச்சி ரெட்டிப்பா போகுது?"

"மேல இருக்கிற கல்லு வெடிச்சா தானா விழும். கீழ இருக்கிறது அந்தப் பாரத்தையும் சேத்துத் தூக்கிட்டு எழுந்திரிக்கணும். உன் அக்கா பையனை எழுப்புற மாதிரிதான். பலமா ஒரு உதை வேணும்."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ கேட்டியா? ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டு, உப்பு கம்மின்னு மட்டும்தானே சொல்லுவ!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன் தப்பும் புரிந்தது. மொத்த மருந்து எவ்வளவு என்று ஒரு தாளில் வாங்கி, அண்ணன் தம்பிக்குச் சொத்துப் பிரிப்பதுபோல் எல்லாத் துளைகளுக்கும் சமமாகப் பங்கு போட்டிருந்தாள்! மேலே ஓடிப்போய், தரைக்கு இரட்டைப் பங்கு கொடுத்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். திரையில் விரிசலைக் காட்டும் சிவப்பு கீழ்ப்பக்கம் தொந்தி போட்டது. மூன்று சாண்.

ஆய்வுக்குழு முன் இரண்டு படங்களையும் வைத்தாள். "பழசு என் தப்பு. கருவி சரியாத்தான் சொல்லுது. தரையில வெடி வைக்கிற முறையை மாத்தாம மேற்கொண்டு தோண்டக் கூடாது."

வேலை இரண்டு வாரம் நின்றது. பிறகு தரையில் துளைகளை நெருக்கிப் போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்தைக் குறைத்து, வெடித்து அளந்தார்கள். ஒன்றேகால் சாண். அவள் புதுக் கணக்கும் அதையேதான் சொல்லியிருந்தது.

"உன்னால துளை போட்டுப் போட்டே கை கழண்டு போச்சு," என்றார் மாமா. "நீ உப்பைப் பத்தியே பேசியிருக்கலாம்."

உத்தரவாதம் கேட்டவளே, முழுப் பதில் இன்றும் என்னிடம் இல்லை. நாலாவது அளவை மறைக்காத ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பது வரை தெரியும். பெஞ்சுக்காரி இப்போது எங்கே இருக்கிறாளோ! இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். வாய் மாறி வாய் மாறி அவள் காதுக்கும் போய்ச் சேரட்டும்.